ரெஃபியூஜியத்தில் வேண்டாத பாசி: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கீழே இருக்கும் வடிகட்டும் பெட்டியான சம்ப்பில் ஒரு பகுதியை ஒதுக்கி, விளக்கு போட்டு, சீட்டோ (பந்துபோல வளரும் ஒரு பச்சைக் கடற்பாசி) மாதிரி பாசியை வேண்டுமென்றே வளர்ப்பார்கள். அந்தப் பகுதிதான் ரெஃபியூஜியம், அதன் நோக்கம் ஒன்றுதான். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அந்தப் பாசி தின்றுவிட்டால், மேலே பவளங்கள் இருக்கும் மெயின் டேங்கில் வேறு பாசிக்குச் சாப்பாடு இருக்காது. வளர்ந்த பாசியைப் பிடுங்கி வெளியே போடும்போது கழிவும் சேர்ந்து வெளியே போகிறது.

திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. சில மாதம் கழித்து ரெஃபியூஜியத்துக்குள்ளேயே முடிப்பாசி, சிவப்புப் படலம், பழுப்புக் கோழை என்று வந்து உட்காரும்போதுதான் ஆட்கள் பதறுகிறார்கள். உடனே கடைக்குப் போய் ஒரு பாட்டில் மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். பாசி கொல்லும் மருந்துக்கு நல்ல பாசி, கெட்ட பாசி என்ற வித்தியாசம் தெரியாது. சீட்டோவும் செத்து, தின்று வைத்திருந்த கழிவை மொத்தமாகத் தண்ணீரில் கக்கும். அதனால் எதையும் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: வேண்டாத பாசி எங்கே வளர்கிறது? ரெஃபியூஜியத்தில் மட்டுமா, மெயின் டேங்கிலுமா?

ரெஃபியூஜியத்தில் மட்டும்தான் என்றால், மேலே பவளம், பாறை, மணல் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றால், பல சமயம் அது கோளாறே இல்லை. முடிப்பாசியும் நைட்ரேட் தின்கிறது, பாஸ்பேட் தின்கிறது. 1980களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி பவளத் தொட்டிகளின் தண்ணீரைச் சுத்தம் செய்ய உருவாக்கிய பாசித் தட்டு முறையில், வலைமேல் வேலை செய்வது இந்த மாதிரி குட்டைப் பாசிகள்தான். இன்றைக்கும் 'ஸ்க்ரப்பர்' என்று அதை விற்கிறார்கள். மேலே வர வேண்டியது கீழே வந்து, நீங்கள் வாரம் ஒருமுறை வழித்து எடுத்துவிடவும் முடிகிறது என்றால் விட்டுவிடுங்கள். கீழே வைத்திருக்கும் பெட்டி அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

சீட்டோவை மூடி அதைக் கொல்லும்போது, மெயின் டேங்குக்கும் பரவும்போது, அல்லது வந்திருப்பது பாசியே இல்லாமல் சயனோ என்ற பாக்டீரியாவாகவோ டைனோ என்ற நுண்ணுயிராகவோ இருக்கும்போது நடவடிக்கை தேவை. கீழே இருப்பது அந்த நிலைமைகளுக்கு.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

நைட்ரேட், பாஸ்பேட், உப்படர்த்தி, வெப்பநிலை, தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு). இந்த ஐந்தும் இல்லாமல் செய்யும் வைத்தியம் குருட்டு வைத்தியம். பவளத் தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம், உப்படர்த்தி 1.025 அல்லது 1.026, வெப்பம் 25–26 டிகிரி என்று இருந்தால் போதும். ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ் 0 ஆக இருக்க வேண்டும்.

அளப்பதிலேயே இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஹன்னா பாஸ்பரஸ் செக்கர் என்ற மீட்டர் காட்டும் எண் பாஸ்பேட் அல்ல, பாஸ்பரஸ், அதுவும் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில். அதை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் வரும். மீட்டரில் 10 என்றால் பாஸ்பேட் சுமார் 0.03. சாலிஃபெர்ட் நைட்ரேட் கிட்டில் நிறம் மிக மங்கலாக இருந்தால் குப்பியைப் பக்கவாட்டில் பார்த்து, வரும் எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும். கிட்டோடு வரும் துண்டுக் காகிதத்தைப் படிக்காமல் தூக்கிப் போட்டவர்கள் பலர்.

இன்னொன்று. தொட்டி முழுக்க முடிப்பாசி, ஆனால் டெஸ்ட்டில் நைட்ரேட் பூஜ்யம் என்று வந்தால், 'நைட்ரேட்டே இல்லை, பிறகு பாசி எப்படி?' என்று குழம்ப வேண்டாம். வந்ததெல்லாம் பாசியின் வயிற்றில் இருக்கிறது. கிட் அளப்பது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும்.

அறிகுறி: சீட்டோவின் மேல் பச்சை முடி

சீட்டோ பந்து மீன்பிடி நரம்பைச் சுருட்டிவைத்த மாதிரி விறைப்பாக இருக்கும். அதன்மேல் மெல்லிய, கையில் எடுத்தால் குழைந்து விழும் பச்சை முடி படர்ந்தால் அது முடிப்பாசி. சீட்டோவைவிட அது வேகமாக வளர்கிறது என்று அர்த்தம். ஏன் சீட்டோ பின்தங்கியது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் காரணம் பந்து அசையாமல் கிடப்பது. மேல்பக்கம் மட்டும் விளக்கு படுகிறது, உள்பக்கம் இருட்டில் பழுத்து அழுகுகிறது, அழுகுவதிலிருந்து வரும் சத்து மேல்பக்க முடிப்பாசிக்கு உரமாகிறது. பந்தைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நடுவில் வெளிறி, வழவழப்பாக, நாற்றமடிக்கிறது என்றால் இதுதான் விஷயம். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் உள்ளே குடியிருக்கும் கோபிபாட், ஆம்பிபாட் போன்ற குட்டி உயிர்கள் எல்லாம் செத்துவிடும். மீன்களுக்கு இலவசத் தீனி அவை. அழுகியதையும் முடி பிடித்ததையும் பிய்த்துப் போட்டுவிட்டு, விறைப்பான பச்சைப் பகுதியை மட்டும் தளர்வாகத் திரும்பப் போடுங்கள். பாதிப் பந்து போய்விட்டாலும் பரவாயில்லை. அப்புறம் ஒரு சின்ன பவர்ஹெட்டையோ (தண்ணீரைத் தள்ளும் பம்ப்) தண்ணீர் வரும் குழாயையோ திருப்பி, பந்து மெதுவாகப் புரளும்படி செய்யுங்கள். ரெஃபியூஜியத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் ஓட வேண்டும், அப்போதுதான் பாசிக்குச் சத்தை உறிஞ்ச நேரம் கிடைக்கும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது, ஒரே தடவையில் எல்லாம் உறிஞ்ச வேண்டிய அவசியம் இல்லை. மெதுவான ஓட்டத்தில் மிஞ்சுவது அடியில் படியும் சேறு மட்டும்தான்.

இரண்டாவது காரணம் விளக்கு. சீட்டோ நல்ல வெளிச்சம் கேட்கும் பாசி. கிளிப் மாட்டிய சின்ன எல்இடி பல்பு போதாது. அந்த மங்கல் வெளிச்சத்தில் முடிப்பாசிக்குப் பிழைப்பு நடக்கும், சீட்டோவுக்கு நடக்காது. செடி வளர்ப்புக்கென்று வரும் சிவப்பும் நீலமும் கலந்த விளக்கு நன்றாக வேலை செய்கிறது. 12 முதல் 16 மணி நேரம், மெயின் டேங்க் விளக்கு அணைந்திருக்கும் இரவு நேரத்தில் எரியவிடுங்கள். இரவில் மெயின் டேங்கில் கரியமில வாயு கூடி பிஎச் இறங்கும். கீழே பாசி அதை இழுத்துக்கொள்வதால் இறக்கம் குறையும்.

விளக்கைப் புதிதாக மாற்றியிருந்தால் ஒரு எச்சரிக்கை. முதல் நாளிலேயே முழு வெளிச்சம் கொடுத்தால் சீட்டோ வெளுத்து நொறுங்கும். பாதியில் ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் ஏற்றுங்கள்.

கண்ணாடிச் சுவரில் மட்டும் முடி என்றால் பழைய ஏடிஎம் கார்டால் வழித்து, வழித்ததை வலையில் பிடித்து வெளியே போடுங்கள். வழித்து அப்படியே விட்டால் ரிட்டர்ன் பம்ப் அதை மேலே கொண்டுபோய் விதைத்துவிடும். ஆகவே இந்த வேலையை ரிட்டர்ன் பம்பை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

முடி தின்னட்டும் என்று டர்போ நத்தையையோ கடல் முள்ளெலியையோ ரெஃபியூஜியத்தில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவை சீட்டோவையும் கடிக்கும். தவிர, தின்றதைக் கழிவாக அங்கேயே போடும். பாசியை வெளியே எடுப்பது உங்கள் கை, நத்தையின் வாய் இல்லை.

அறிகுறி: சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு வழவழப்புப் படலம்

போர்வை மாதிரி உரிந்து வரும், அடியில் காற்றுக் குமிழி சிக்கியிருக்கும், எடுத்து முகர்ந்தால் ஒரு மண்வாடை அடிக்கும். இது பாசி இல்லை. சயனோபாக்டீரியா, சுருக்கமாகச் சயனோ. நிறம் சிவப்பாகத்தான் இருக்கும் என்றில்லை, கரும்பச்சையாகவும் வரும்.

இதற்கு ஓட்டக் குறைவும் சேறும் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அடியில் படிந்த சேற்றைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள், ரெஃபியூஜியத்துக்கு முன்னால் ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) ஒன்றைப் போட்டு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சின்ன தொட்டிகளில் இதுவே போதும்.

போதவில்லை என்றால் நைட்ரேட்–பாஸ்பேட் விகிதத்தைப் பாருங்கள். கடலடிப் பாசிகளின் உடலில் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் சராசரியாக 550:30:1 என்ற அணு விகிதத்தில் இருப்பதாக 1983இல் அட்கின்சன், ஸ்மித் என்ற இருவர் கணக்கிட்டார்கள். நம் டெஸ்ட் கிட் கணக்குக்கு மாற்றினால், பாசி 1 பிபிஎம் பாஸ்பேட் தின்னும்போது ஏறக்குறைய 20 பிபிஎம் நைட்ரேட்டையும் சேர்த்துத் தின்கிறது. இப்போது உங்கள் தொட்டியில் நைட்ரேட் 1, பாஸ்பேட் 0.3 என்று வைத்துக்கொள்வோம். அந்த 1 பிபிஎம் நைட்ரேட் தீரும்போது பாஸ்பேட் 0.05 தான் குறைந்திருக்கும். மிச்சம் 0.25 அப்படியே நிற்கும். நைட்ரேட் இல்லாமல் சீட்டோ வளர்ச்சியை நிறுத்திவிடும். சயனோ வகைகளில் சில, காற்றிலிருந்து கரைந்த நைட்ரஜனையே எடுத்துப் பயன்படுத்தக் கூடியவை. போட்டியாளர் பட்டினியில் படுத்துவிட்டார், பாஸ்பேட் நிறைய இருக்கிறது. இதைவிட நல்ல காலம் சயனோவுக்கு வராது.

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகிறது, சீட்டோ வளரவில்லை, சயனோ வளர்கிறது: இந்த நான்கும் சேர்ந்து இருந்தால் மருந்து நைட்ரேட்தான். கேட்க வினோதமாக இருக்கும். வருடக்கணக்கில் குறைக்கப் பாடுபட்டதை இப்போது கையால் ஊற்றுவதா? ஆமாம். சோடியம் நைட்ரேட்டில் எடைக்கு 73 சதவீதம் நைட்ரேட். 1 கிராம் 100 லிட்டரில் கரைந்தால் 7.3 பிபிஎம் ஏறும். 200 லிட்டர் தொட்டியில் 2 பிபிஎம் ஏற்ற சுமார் 0.55 கிராம் போதும். ஆய்வகத் தரத்தில் வாங்கி, ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, ஒரு நாளைக்கு 1 முதல் 2 பிபிஎம்முக்கு மேல் ஏறாமல் ஊற்றுங்கள். உரக்கடை மூட்டை வேண்டாம், அதில் வேறு என்னென்ன இருக்கும் என்று தெரியாது. நைட்ரேட் 5 பக்கம் வந்து நின்றதும் சீட்டோ மறுபடி வளர ஆரம்பிக்கும், பாஸ்பேட்டும் சேர்ந்து இறங்கும்.

பாஸ்பேட்டை ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள்) போட்டு இறக்கலாமே என்றால், இறக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே வாரத்தில் 0.3இலிருந்து பூஜ்யத்துக்குத் தள்ளினால் பவளம் வெளுக்கும், பிறகு கீழே சொல்லப்போகும் டைனோ வரும்.

மூன்று நாள் முழு இருட்டு, எரித்ரோமைசின் வகை மருந்து இரண்டும் சயனோவைக் கொல்லும். காரணம் அப்படியே இருந்தால் திரும்ப வரும். மருந்து போடுவதானால் ஏர் பம்ப் கட்டாயம் ஓடட்டும். படலம் மொத்தமாகச் சாகும்போது ஆக்சிஜன் சட்டென்று இறங்கும்.

அறிகுறி: பழுப்பு

இங்கேதான் நிதானம் தேவை. பழுப்பாக இருப்பதில் ஒன்று சாது, இன்னொன்று தொட்டியையே காலி செய்யக் கூடியது, இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

மாவு தூவிய மாதிரி, துடைத்தால் போய்விடும் பழுப்பு, டயட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில், புது மணல் போட்ட ரெஃபியூஜியத்தில் வரும், அதன் சாப்பாடான சிலிக்கேட் தீர்ந்ததும் போகும். பழைய தொட்டியில் திடீரென்று வந்தால் ஊற்றும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நம் வீடுகளில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. போர்வெல் தண்ணீராக இருந்தால் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் அந்த வழியாகவே உள்ளே வரும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. தொட்டிக்குத் தனியாக மெம்பிரேனுக்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் உருளை ஒன்று வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம்: ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவுவது சிலிக்கேட்தான், டிடிஎஸ் மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. மீட்டர் 0 காட்டுகிறதே என்று இருக்க வேண்டாம். டயட்டம் வந்தால் ரெசினை மாற்றிப் பாருங்கள்.

டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட், வேறு மாதிரி. சளி மாதிரி இழை இழையாகத் தொங்கும், இழை நுனியில் காற்றுக் குமிழி இருக்கும். விளக்கு எரிந்து சில மணி நேரம் கழித்து மிக மோசமாக இருக்கும், இருட்டில் குறையும், மறுநாள் திரும்ப வரும். நத்தைகள் காரணமில்லாமல் செத்து விழும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் கோழையை ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி, டிஷ்யூ பேப்பர் வழியாக வடிகட்டி, தெளிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். மறுபடி கூடி இழையாகத் திரண்டால் டைனோ. நானூறு மடங்கு பெரிதாக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு: கண்ணீர்த்துளி வடிவத்தில், கயிற்றில் கட்டியதுபோல ஒரே இடத்தைச் சுற்றிச் சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகை. நீள்வட்டமாக, மணல் பக்கம் வழுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஆம்ஃபிடினியம்.

டைனோ வந்த தொட்டிகளில் பலவற்றை அளந்தால் நைட்ரேட்டும் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். ரெஃபியூஜியம் தன் வேலையை அளவுக்கு மீறிச் செய்துவிட்டது. தண்ணீரில் எதுவுமே இல்லாதபோது சாதாரணப் பாசிகளும் நுண்ணுயிர்களும் வழிவிட, டைனோ இடம் பிடிக்கிறது. இதைப் பார்த்துவிட்டுத் 'தண்ணீர் அழுக்காகிவிட்டது' என்று தண்ணீர் மாற்றுவதும், ரெஃபியூஜியம் விளக்கைக் கூட்டுவதும் நெருப்பில் நெய்.

செய்ய வேண்டியது: ரெஃபியூஜியம் விளக்கை அணையுங்கள், அல்லது மூன்று நான்கு மணி நேரமாகக் குறையுங்கள். சீட்டோவில் பெரும்பகுதியை எடுத்துவிடுங்கள். ஜிஎஃப்ஓவைக் கழற்றுங்கள். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். நைட்ரேட்டை 5–10க்கும் பாஸ்பேட்டை 0.1 பக்கமும் கொண்டுவந்து அங்கேயே பிடித்து வையுங்கள். தினமும் அளக்க வேண்டியிருக்கும். பாறையும் மணலும் பாஸ்பேட்டை இழுத்துக்கொள்ளும், ஊற்றியது மறுநாள் காணாமல் போகும். சலிக்காமல் திரும்ப ஊற்றுங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்றால் இரவில் தண்ணீரில் மிதக்க வரும். அந்த நேரத்தில் மெயின் டேங்கிலிருந்தே நேரடியாகத் தண்ணீர் எடுக்கும் யூவி விளக்கு நன்றாகக் கொல்லும். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு வராது, அதற்கு யூவி வீண். அதற்குச் சிலர் சிலிக்கேட் ஊற்றி டயட்டமை வேண்டுமென்றே வளர்த்துப் போட்டிக்கு விடுகிறார்கள். மேலே சாது என்று சொன்ன அதே டயட்டம்தான்.

ஒரு முக்கியமான விஷயம். ஆஸ்ட்ரியாப்சிஸ் வகைகள் பாலிடாக்சினைப் போன்ற நஞ்சை உருவாக்கக் கூடியவை. 2005இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இந்த இனம் பெருகியபோது, கடல் காற்றைச் சுவாசித்ததிலேயே ஏறக்குறைய 200 பேருக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் தொந்தரவும் வந்தன. வாயால் உறிஞ்சிக் குழாயில் தண்ணீர் இறக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கையுறை போடுங்கள்.

அறிகுறி: சீட்டோ வெளிறுகிறது, உடைகிறது, கரைகிறது

வேண்டாத பாசி இன்னும் வரவில்லை, ஆனால் வரப்போகிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டில் எதுவாவது பூஜ்யமா என்று பாருங்கள். இரண்டும் சரி, விளக்கும் சரி, ஆனாலும் மஞ்சள் பாய்கிறது என்றால் இரும்புச் சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம். கடல் தொட்டிக்கென்று வரும் இரும்புக் கரைசலைச் சொன்ன அளவில் பாதியில் ஆரம்பியுங்கள். சயனோ ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் இரும்பு ஊற்றாதீர்கள், அதுவும் இரும்பு விரும்பிதான்.

சித்திரை, வைகாசி என்றால் வெப்பத்தைப் பாருங்கள். சம்ப் அலமாரிக்குள், மூடிய கதவுக்குப் பின்னால், எரியும் விளக்குக்குக் கீழே தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். தண்ணீரின் மேல் ஒரு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு டிகிரி வரை இறங்கும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆட்டோ டாப் ஆஃப் (ஆவியான தண்ணீரைத் தானே நிரப்பும் கருவி) இல்லாதவர்கள் தினமும் உப்படர்த்தி பார்க்க வேண்டியிருக்கும்.

கரண்ட் போவதையும் சொல்ல வேண்டும். விளக்கும் பம்பும் நின்றால் அந்தப் பாசி முழுவதும் ஆக்சிஜனைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டு உறிஞ்ச ஆரம்பிக்கும். ரெஃபியூஜியம் பெரிதானால் இது பெரிய விஷயம். இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்பை மட்டுமாவது இணைத்து வையுங்கள், அது முடியாவிட்டால் பேட்டரி ஏர் பம்ப்.

அறிகுறி: காலர்பா கண்ணாடி மாதிரி ஆகிறது, தண்ணீர் பால் கலந்ததுபோல் இருக்கிறது

சீட்டோவுக்குப் பதில் காலர்பா என்ற கொடிப்பாசி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தலைவலி. முதல் நாள் இலையில் வலைபோல ஒரு கோலம் தெரியும். மறுநாள் இனப்பெருக்கச் செல்களை மொத்தமாகத் தண்ணீரில் விட்டுவிட்டு வெள்ளைத் தோலாக நிற்கும். தின்று சேர்த்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) பொங்கும், ஆக்சிஜன் இறங்கும். வெள்ளையானதை உடனே எடுங்கள், கார்பன் (வடிகட்டும் கரி) போடுங்கள், ஏர் பம்ப் ஓட்டுங்கள், கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். கோலம் தெரியும் முதல் நாளிலேயே பிடித்துவிட்டால் அந்தக் கொடிகளை மட்டும் எடுத்தால் போதும்.

வராமல் தடுக்க விளக்கை 24 மணி நேரமும் எரியவிடுவது பலர் கடைப்பிடிக்கும் வழி. அடிக்கடி அறுவடை செய்வதும் உதவும். அப்போது கொடியை நடுவில் நறுக்காமல், ஓடும் தண்டோடு முழுசாக உருவி எடுக்க வேண்டும். நறுக்கிய இடத்தில் சாறு ஒழுகும். என்னைக் கேட்டால், புதிதாக ஆரம்பிப்பவர்கள் காலர்பா பக்கமே போக வேண்டாம்.

அறிகுறி: பச்சைக் குமிழி, அல்லது இறகு போன்ற பாசி

பளபளக்கும் பச்சை முத்து வாலோனியா. அது ஒட்டியிருக்கும் கல்லைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, அடியோடு நெம்பி எடுத்து, உப்புத் தண்ணீரில் கழுவித் திரும்ப வையுங்கள். உள்ளே வைத்து உடைக்க வேண்டாம். சீட்டோவுக்குள் சிக்கியிருந்தால் அந்தக் கொத்தையே போட்டுவிடலாம், சீட்டோ மலிவு.

இறகு போல இருபக்கமும் கிளைத்து நிற்பது பிரையாப்சிஸ். இது சத்தைக் குறைப்பதால் சாகாது, நத்தையும் அவ்வளவாகத் தொடாது. கையால் பிடுங்குவதும், பாறையை வெளியே எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதக் கரைசலைத் தொட்டு வைத்து, சில நிமிடம் கழித்துக் கழுவுவதும் முதல் வழி. தொட்டி முழுக்கப் பரவிவிட்டால் ஃப்ளூகோனசோல். லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம் என்ற அளவில், இரண்டு மூன்று வாரம், கார்பனும் யூவியும் இல்லாமல் வைப்பது வழக்கம். பூஞ்சைக்கு மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. ஆகவே கடல் தொட்டிக்கென்று பொட்டலமாக வருவதை வாங்குங்கள். போடுவதற்கு முன் ரெஃபியூஜியத்தில் இருக்கும் நல்ல பாசியில் கொஞ்சத்தைத் தனி வாளியில் விளக்கோடு வைத்துக் காப்பாற்றுங்கள். சாகும் பிரையாப்சிஸை அவ்வப்போது வழித்து எடுக்காவிட்டால் அடுத்த வாரம் சயனோ வரும், மேலே போய்ப் படிக்க வேண்டியிருக்கும்.

பாசி உள்ளே வருவதும் வெளியே போவதும்

வாலோனியா, பிரையாப்சிஸ், ஐப்டேசியா (தொல்லை தரும் சிறு கடல் அனிமோன்) மூன்றும் பெரும்பாலும் இன்னொருவர் தொட்டியிலிருந்து வாங்கிய சீட்டோவோடுதான் வருகின்றன. சென்னை கொளத்தூர் மீன்கடையில் வாங்கினாலும் நண்பர் கொடுத்தாலும், இரண்டு வாரம் தனி வாளியில், விளக்கும் காற்றும் கொடுத்து வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து பாசி ஒட்டிய பவளக்கல்லை எடுத்து வருவது மட்டும் வேண்டவே வேண்டாம். பாறைப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு.

அறுவடை செய்ததைக் கடலிலோ கழிமுகத்திலோ கால்வாயிலோ போடக் கூடாது. 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் ஒரு சிறு திட்டாகத் தென்பட்ட காலர்பா டாக்ஸிஃபோலியா, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. அதே பாசி 2000இல் கலிஃபோர்னியாவின் அகுவா எடியோண்டா காயலில் தென்பட்டபோது, தார்ப்பாயால் மூடி உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆனது. நம் பக்கத்திலும் உண்டு: வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்தது 2008இல் பதிவாகியிருக்கிறது.

வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துக் குப்பையில் போடுங்கள். உல்வாவோ கிராசிலேரியாவோ வளர்த்தால் அதுகூடத் தேவையில்லை, டேங் மீன்கள் அடித்துக்கொண்டு தின்னும். சீட்டோவை அவை பொதுவாகச் சீண்டுவதில்லை. உல்வாவைத் தீனியாகக் கொடுத்தால் ஒரு கணக்கு ஞாபகம் இருக்கட்டும்: மீன் தின்றது கழிவாகத் திரும்பத் தண்ணீருக்குத்தான் வரும். நைட்ரேட் ஏறிக்கொண்டிருக்கும் தொட்டியில் பாதியை மீனுக்குக் கொடுத்து, பாதியை வெளியே போடுங்கள்.